ஸ்கூட் விடும் மச்சான்

என் மனைவியின் அண்ணன் சீட்டாட்டத்தில் மகா கருமி. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், அந்த உரிமையில்தான் இதைச் சொல்கிறேன். பல வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு, பரளச்சியில் எங்கள் அடுத்த தெருவுக்கே அவர் திரும்பி வந்தபோது, கொண்டுவந்த சாமான்களில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது போக்கர் என்கிற சீட்டாட்டம் ஒன்றுதான்.

மல்லி விதைத்து முடித்துவிட்டால் மத்தியானத்தில் எனக்கு வேலை கிடையாது. உர மூட்டை அடுக்கிய தகரக் கொட்டகையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்துவிடுவோம். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் பொதுவாக ஐந்து. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து யாருக்கு நன்றாக அமைகிறதோ அவருக்குக் காசு. டீக்கடைச் சில்லறைதான், ஆனாலும் உச்சவரம்பு கிடையாது. முன்னால் இருப்பது அத்தனையையும் ஒரேயடியாக நடுவில் தள்ளலாம். பிடிக்கவில்லையென்றால் ரம்மியைப் போலவே ஸ்கூட் விட்டு விலகிக்கொள்ளலாம்.

நான் ஸ்கூட்டே விடமாட்டேன். எங்கள் பக்கத்தில் மழைக்கு முன்பே புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்படிப் பழகியவனுக்கு, சீட்டு வந்த பிறகு பாதியில் எழுந்துபோக மனசு வருமா? என்னதான் வருகிறது, பார்த்துவிடலாமே என்று கடைசிச் சீட்டு வரை நிற்பேன்.

மச்சான் இதையெல்லாம் செல்போனில் குறித்துவைத்துக் கணக்குப் போடுவார். எத்தனை ஆட்டத்துக்குக் காசு போட்டு உள்ளே வருகிறோம், எத்தனை முறை பந்தயத்தை ஏற்றுகிறோம், எத்தனை முறை கடைசிவரை நின்று சீட்டைத் திருப்பிக் காட்டுகிறோம் என்று எல்லாவற்றுக்கும் சதவீதம் உண்டு.

"நூறு ஆட்டத்துல தொண்ணூறுக்கு உள்ள வாரீக மாப்ள. ஏத்துறது பத்துகூடத் தேறாது. ஒண்ணுமில்லாத சீட்ட வச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் கூடவே வாரீக."

"சரி மச்சான், உங்க கணக்கையும் சொல்லுங்க."

அவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் விடவில்லை. அவர் உள்ளே வருவது நூற்றுக்கு இருபதுதான். மற்ற எண்பதும் ஸ்கூட்.

அவர் ஆடப் பழகியது வளைகுடாவில் தொழிலாளர் கேம்ப் அறையில், எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, காசுக்குப் பதில் பட்டாணி வைத்து. எட்டுப் பேர் ஆடினால் நல்ல சீட்டு வரும்வரை சும்மா இருக்கலாம். சீட்டைப் பார்க்கும் முன்பே நடுவில் வைக்க வேண்டிய கட்டாயக் காசு எப்போதாவதுதான் நம் முறைக்கு வரும். இரண்டே பேர் என்றால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு பேருமே வைத்தாக வேண்டும். காத்திருக்கக் காத்திருக்கக் காசு கரையும். அவர் அப்படிச் சொட்டுச் சொட்டாக விட்டதை நான் ஒரே ஆட்டத்தில் குடம் குடமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதனால் எங்களில் யாரும் கெட்டுப்போகவில்லை.

ஆனால் கல்யாண விஷயத்தில் அவருடைய ஸ்கூட்டைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும். தங்கைகளைக் கரையேற்றியதில் அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. வந்த ஜாதகங்களுக்கெல்லாம் போய்ப் பெண் பார்ப்பார், "யோசிச்சுச் சொல்றோம்" என்பார், அதோடு சரி. குறை எதுவும் சொல்லமாட்டார். இனி யார் வருவார்கள் என்று என் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து அழுவாள். ஒருநாள் கொட்டகையில் நான் வெடித்துவிட்டேன்.

"எட்டுப் பேரு சுத்தி உக்காந்துருக்கிற மாதிரியே இருக்கீக மச்சான். இப்ப நீங்க ஒத்த ஆளு. சும்மா இருந்தாலும் வயசு போகும்."

அவர் சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பயமா இருக்கு மாப்ள. இத்தனை வருசம் ஒத்தையா இருந்துட்டேன். வாரவுகளை நல்லா வச்சுக்குவேனான்னு தெரியல." அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் பந்தல்குடியிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பஞ்சாலையில் சூப்பர்வைசர். படுத்த படுக்கையான அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் அந்தப் பெண்ணுக்கும் வயது போய்விட்டிருந்தது. இதையும் விட்டால் வேறு வரன் இல்லை என்று தரகர் கைவிரித்துவிட்டார்.

வேனில் போகும்போதே என் மனைவி எச்சரித்தாள்: "காபி, காரத்தோட நிறுத்திக்கிறணும். கை நனைச்சுறாதீக." பெண் பார்க்கப்போன வீட்டில் சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இது தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது.

பேச்சு மத்தியானம் வரை இழுத்தது. வழக்கம்போல மச்சான் எழுந்து, "யோசிச்சுச் சொல்றோம்" என்றார். பெண்ணின் அண்ணன் முகம் வாடினாலும் மரியாதைக்கு, "ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாமே" என்றார். இன்னொரு நாள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதுதான் முறை. ஆனால் உள்ளே இலை போட்டிருந்தார்கள், கத்தரிக்காய்க் குழம்பு மணத்துக்கொண்டிருந்தது. நான் போய் உட்கார்ந்தேன். சோறு விழுந்ததும் பிசைந்துவிட்டேன்.

வேண்டுமென்றே செய்தீர்களா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். சத்தியமாக இல்லை. என் முன்னால் வந்ததை விட்டு எழுந்துபோய் எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். என் மனைவி தலையில் அடித்துக்கொண்ட பிறகுதான் என் கையையே பார்த்தேன். மச்சான் வாசலில் ஒரு செருப்பைப் போட்டபடி நின்றிருந்தார்.

குழம்புச் சட்டியோடு வந்தது அந்தப் பெண்தான். வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "நீங்க சாப்பிடுங்கண்ணே. இத வச்சு அவுகளை யாரும் கட்டாயப்படுத்த மாட்டோம். பசியோட வந்தவுகளை எழுப்புறது நல்லால்ல."

இப்படி ஒருத்தரை விட்டுவிட்டுப் போகப்போகிறோமே என்றிருந்தது. நான் குனிந்த தலை நிமிரவில்லை. செருப்பு கழலும் சத்தம் கேட்டது. மச்சான் வந்து எனக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்காரும்போது அவர் முழங்கால் என்மேல் இடித்தது.

"எனக்கும் ஒரு இலை போடுங்க" என்றார்.

இலை வந்தது, சோறும் வந்தது. அந்தப் பெண் குனிந்து குழம்பை ஊற்ற ஆரம்பித்தார். போதும் என்று கை காட்டுவதற்காகக் காத்துக்கொண்டே ஊற்றினார். குழம்பு சோற்றைத் தாண்டி இலையின் ஓரம் வரை ஓடிவிட்டது, மச்சான் போதும் என்றே சொல்லவில்லை.