ஸ்பெஷல் வரிசையின் வால்

ராட்டினத் தொழிலில் ராட்டினம் மட்டும்தான் சுற்றும் என்று நினைப்பவர்கள், அதற்கு டிக்கெட் கொடுக்கிற கவுண்டருக்குள் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ரயில்வே புக்கிங், சினிமாக் கொட்டகை, ரேஷன் கடை, கரண்ட் பில் ஆபீஸ் என்று கம்பி போட்ட ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்து, ‘சில்லறையா கொடுங்க’ என்று கத்தியே தொண்டை கட்டிப்போன சக ஜீவன்களே, இது உங்களுக்காகத்தான். வெளியே நிற்கிறவர்கள் படித்தால் கோபம்தான் வரும். வரட்டும்.

எண்பதுகளின் கடைசியில் என் கணவரும் அவருடைய அண்ணனும் கூட்டாகப் பொருட்காட்சி நடத்த ஆரம்பித்தார்கள். சித்திரையில் ராஜபாளையம், ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். ஜெயன்ட் வீல், கொலம்பஸ் கப்பல், குழந்தைகள் ரயில், மரணக்கிணறு, சுற்றிலும் டெல்லி அப்பளக் கடைகள். டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூர் பஸ் ஏறிவிட்டார். “செத்த நேரம் உக்காரு” என்று என் கணவர் என்னைக் கவுண்டருக்குள் தள்ளினார். மறுநாளும் செத்த நேரம். அதற்கு மறுநாளும்.

எனக்கு அது பிடித்துப்போயிற்று. நாலு தகர ஷீட், ஒரு டேபிள் ஃபேன், ஒரு ஸ்டூல். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் கூட்டுக் குடும்பத்தில் யாராவது எதையாவது கேட்பார்கள், நான் எழுந்து போய் எடுத்துக்கொண்டு வருவேன். இங்கே நான் உட்கார்ந்திருப்பேன், கேட்கிறவர்கள்தான் நடந்து வர வேண்டும். என் கணவரின் அண்ணன், நான் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர், இதை ரசிக்கவில்லை. தன் மனைவியின் தம்பி கண்ணனை அந்த ஸ்டூலில் உட்காரவைக்க அவருக்கு ஆசை. முதல் வாரமே சொல்லிவிட்டார்: “உன் வாய் வீட்டுக்கே அதிகம். ரெண்டு புகார் வரட்டும், கண்ணன் வந்து உக்காந்துருவான்.”

மொத்தமா, தனியா?

எங்களிடம் இரண்டு வகை டிக்கெட். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனித்தனியாக வாங்கலாம். அல்லது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக வாங்கலாம். கொஞ்சம் மலிவு, ஆனால் அன்றைக்கே எல்லாவற்றிலும் ஏறிவிட வேண்டும். இதைப் புரிந்துகொள்ள கான்வென்ட் படிப்பு தேவையில்லை. ஆனாலும் ராஜபாளையத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் ஜன்னலை அடைத்துக்கொண்டு, பின்னால் ஜனம் தள்ளத் தள்ள, அசையாமல் நின்றார்கள். கொலம்பஸில் வாந்தி வந்தால் மிச்ச ராட்டினத்துக்குக் காசு திரும்பக் கிடைக்குமா? மருமகள் ஏறாத ராட்டினத்தில் மாமியார் இரண்டு தடவை ஏறலாமா? நான் இல்லை, இல்லை என்று சொல்லி வாய் வலித்தபோது இரண்டு பேரும் தெலுங்குக்கு மாறினார்கள்.

இவள் முகத்தைப் பார்த்தாலே இரக்கம் கிடையாது என்று தெரிகிறது என்றார் மாமியார். இன்ஸ்பெக்டர் வீட்டுச் சொந்தம் என்று சொல்லிப் பார்க்கலாமா என்றாள் மருமகள். நான் பிறந்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் தெலுங்கு பேசுகிறவர்கள்தான். நான் பேசக் கற்றுக்கொண்டதே அந்த இரண்டு வீட்டு முற்றத்தில். இன்ஸ்பெக்டர் நேற்றுதான் குடும்பத்தோடு வந்தார், அவரும் டிக்கெட் வாங்கித்தான் ஏறினார் என்று நல்ல தெலுங்கிலேயே சொன்னேன். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியாருக்குத்தான் ஆற்றாமை: “தெலுங்கு தெரியும்னா வெளிய போர்டுல எழுதிப் போட வேண்டாமாம்மா?”

வளரும் பிள்ளை

கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு அதில் சிவப்புக் கோடு போட்டிருந்தோம். கோட்டுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு அரை டிக்கெட். ஆனால் கோட்டைத் தொடாத பிள்ளையை ஜெயன்ட் வீலில் ஏற்ற மாட்டோம், பயந்து எழுந்து நின்றுவிடும். ஒரு அம்மா தன் மகனைக் கம்பத்தடியில் நிறுத்தித் தலையில் கை வைத்து அமுக்கினார். அவன் முழங்காலை மடக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, ஆமை மாதிரி நின்றான். சரி என்று ரயிலுக்கு அரை டிக்கெட் கொடுத்தேன்.

அரை மணி கழித்து அதே அம்மா, அதே மகன், ஜெயன்ட் வீல் டிக்கெட் கேட்டு வந்தார்கள். இப்போது அவன் குதிகாலைத் தூக்கி, தலைமுடியை மேல்நோக்கிச் சீவி, கோட்டுக்கு மேலே நின்றான். “எம்மா, உங்க மகன் ரயில்ல போய்ட்டு வர்றதுக்குள்ள இம்புட்டு வளந்துட்டானே, என்ன உரம் போடுறீங்க?” என்று கேட்டேன். அந்த அம்மா கொஞ்சமும் அசரவில்லை: “எங்க வீட்டுப் பிள்ளைகளே அப்படித்தான், இருந்தாப்ல இருந்து வளந்துருவாங்க.”

ஸ்பெஷல் பிறந்த கதை

ஒரு நாள் மில் முதலாளி வீட்டம்மா காரில் வந்து இறங்கினார். வரிசையைப் பார்த்தார். வரிசையில் அவர்கள் மில் ஆட்களும் நின்றார்கள். அந்த அம்மா திரும்பக் காரில் ஏறிப் போய்விட்டார். பெரியத்தானுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் பச்சைப் பெயின்ட் அடித்த மூங்கில் தட்டி கட்டி, ‘ஸ்பெஷல்’ என்று எழுதி, இரட்டை விலை வைத்துவிட்டார். ராட்டினத்துப் பெட்டிகளில் பாதி ஸ்பெஷலுக்கு, பாதி சாதாவுக்கு. அண்ணன் தம்பி பாகம் பிரித்த மாதிரி சரிபாதி.

முதல் இரண்டு நாள் ஸ்பெஷலில் ஈ ஓட்டினோம். மூன்றாம் நாளிலிருந்து ஊரில் யார் எந்தத் தட்டிக்குள் நுழைகிறார்கள் என்று ஊரே நின்று பார்க்க ஆரம்பித்தது. அவ்வளவுதான். சைக்கிள் கடைக்காரர் ஸ்பெஷல், வாத்தியார் ஸ்பெஷல், வாத்தியாரிடம் டியூஷன் படிக்கிறவன் வீடும் ஸ்பெஷல். பச்சைத் தட்டி முடிந்து, அப்பளக் கடையைத் தாண்டி, மரணக்கிணற்றைச் சுற்றிக்கொண்டு ஸ்பெஷல் வரிசையின் வால் மெயின் ரோட்டில் கிடந்தது. சாதா வரிசையில் நாலு பேர். ஆனாலும் பெட்டி சரிபாதிதானே! சாதாவில் வாங்கினவன் போனதும் ஏறினான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சிமென்ட் கடைக்காரர் ஒருவரிடம், “அண்ணாச்சி, சாதாவுல வாங்குங்க, இப்பமே ஏறிரலாம், பாதிக் காசு” என்று ரகசியமாகச் சொன்னேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்: “நான் என்ன சீக்கிரம் போகவா வந்தேன்? எங்க தெருக்காரவுக பூரா அங்கதானம்மா நிக்காக!”

பால்கோவா

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒரு பால்கோவா டப்பாவை என் மேஜைமேல் வைத்தார். சொந்தக் கடையாம். ஸ்பெஷலுக்கும் மேலே ஒன்று இருக்குமே, வரிசையே இல்லாமல் பின்பக்கமாக ஏற்றிவிடுவது, அது வேண்டும் என்றார். கான்வென்டில் குடிதண்ணீர்க் குழாய்க்குக்கூட வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். யாராவது நடுவில் புகுந்தால் எனக்கு உள்ளங்கை அரிக்கும். டப்பாவைத் திறந்து ஒரு விள்ளல் வாயில் போட்டேன். “பால் கம்மி, சீனி தூக்கல். இதுக்குச் சாதா டிக்கெட்டே அதிகம்” என்றேன்.

ராட்டினத்தில் ஏற்றவில்லை என்பதை அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பால் கம்மி என்றதைப் பொறுக்கவில்லை. நேரே பெரியத்தானிடம் போய்விட்டார். பெரியத்தான் வந்தார், மேஜைமேல் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டார், வழித்துத் தின்றுகொண்டே சொன்னார்: “ஒரு புகார் ஆச்சு. இன்னும் ஒண்ணுதான். கண்ணனைச் சட்டைய இஸ்திரி போட்டு வைக்கச் சொல்லிட்டேன்.”

லீவில் வந்தவர்

அதன்பிறகு நான் வாயை அளந்துதான் திறந்தேன். யார் எதைக் கேட்டாலும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு நாள், ஒட்ட வெட்டின தலைமுடியும் புதுக் கல்யாணக் களையுமாக ஒருவர் வந்தார். மிலிட்டரி. கழுத்தில் மஞ்சள் காயாத பெண் இரண்டடி தள்ளி நின்றாள்.

“ஸ்பெஷல்னா எம்புட்டு நேரம் ஆகும்க்கா?”

“ஒரு மணி நேரம் நிக்கணும்.”

“சாதா?”

“போனதும் ஏறலாம்.”

சாதாதான் கேட்பார் என்று கையை அந்தக் கட்டின்மேல் வைத்தேன். அவர் யோசிக்கவே இல்லை, இரட்டை விலையை எடுத்து வைத்தார். என் முகத்தில் இருந்த கேள்வியைப் பார்த்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “வீட்ல அம்மா, தங்கச்சி, அத்தைன்னு ஆள் மாத்தி ஆள் இருக்காவ. இவகூட ஒரு மணி நேரம் தனியா நின்னு பேசுறதுக்கு இந்த ஊர்ல வேற இடம் இல்லக்கா.”

வன்னியம்பட்டிக்காரர்கள்

பெரியத்தானின் மகள் சுமதிக்கு வன்னியம்பட்டியில் ஒரு இடம் கூடி வந்தது. நிலபுலன் உள்ள குடும்பம், மாப்பிள்ளை போலீஸில் இருந்தார். பெண் பார்த்துவிட்டுப் போகிற வழியில் எங்கள் பொருட்காட்சியையும் காட்டலாம் என்று பெரியத்தான் சுமதியோடு சேர்த்து அத்தனை பேரையும் ஜன்னலுக்கு முன்னால் கூட்டி வந்து நிறுத்தினார். “சொந்த ராட்டினமா இருந்தாலும் டிக்கெட் டிக்கெட்தான். ஸ்பெஷல் ஏழு குடும்மா” என்று பர்ஸைத் திறந்தார். முந்தின வாரம் யாரையோ ஓசியில் நடுவில் புகுத்தப் போய், ஜனம் தட்டியைப் பிய்த்தது அவருக்கு மறந்திருக்காது.

எனக்குத் தொண்டைவரை வந்தது. ஸ்பெஷலின் வால் ரோட்டில் கிடக்கிறது. சாதாவில் ஆள் இல்லை. சொன்னால் சம்பந்திமாருக்கு முன்னால் மலிவு டிக்கெட்டைக் காட்டி அவமானப்படுத்தினேன் என்று ஆகும். இன்னும் ஒரு புகார்தான் பாக்கி. அது வந்தால் இந்த ஸ்டூல் கண்ணனுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு ஸ்பெஷலைக் கிழித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் நகரவில்லை. பட்டுச்சேலை, ரப்பர் செருப்பு. நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு இரண்டு வரிசையையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்குள் குனிந்தார். “ஏம்மா, நீ ஏறுறதா இருந்தா எதுல ஏறுவ?”

பெரியத்தான் அந்த அம்மாவின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்து முறைத்தார். நேராகக் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லக் கான்வென்ட் மதர் எனக்குச் சொல்லித்தரவில்லை.

“சாதாவுல,” என்றேன். “ஏறி, இறங்கி, அப்பளம் தின்னு, கை கழுவிட்டு வந்தாலும் ஸ்பெஷல்காரவுக இங்கயேதான் நிப்பாக.”

“அதானே பாத்தேன்” என்றார். சொந்தக் காசில் மூன்று சாதா டிக்கெட் வாங்கி, மகனையும் சுமதியையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டார். கௌரவம் பார்த்த ஆண்கள் ஸ்பெஷலுக்குப் போனார்கள். அவர்கள் மரணக்கிணற்றைத் தாண்டுவதற்குள் ஜெயன்ட் வீலின் உச்சியிலிருந்து அந்த அம்மா அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். பக்கத்தில் சுமதி கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

பெரியத்தான் வரிசையை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். “ரெண்டாவது புகாரை நானே தாரேன். எந்திரி” என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா, கலைந்த தலையும் கையில் அப்பளமுமாக வந்துவிட்டார். “அண்ணாச்சி, எங்களுக்கு உங்க வீடு பிடிச்சிருக்கு. நாளைக்குப் பேச வாரோம். இந்தப் பிள்ளை அவசியம் இருக்கணும். சுமதி படிப்பு, சமையல் எல்லாத்தையும் நான் இவகிட்டயே கேட்டுக்கிடுதேன். கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லுறாள்லா” என்றார்.

சுமதி பி.காம். முடித்துவிட்டாள் என்று பெரியத்தான் அவர்களிடம் சொல்லியிருந்தார். இரண்டு பேப்பர் பாக்கி. சமையல் முழுக்க அவள்தான் என்றும் சொல்லியிருந்தார். அவளுக்குப் பால் பொங்கினால் அடுப்பை அணைக்க வேண்டும் என்பதே தெரியாது. இது இரண்டும் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

அவர்களைக் காரில் ஏற்றிவிட்டு, பெரியத்தான் வேர்த்து வழிய ஓடி வந்தார். நான் இன்னும் பையோடு நின்றுகொண்டிருந்தேன். அதை என் கையிலிருந்து பிடுங்கி மேஜைக்கு அடியில் வைத்து, ஸ்டூலைத் தானே துடைத்து என் பக்கம் நகர்த்தினார். “உக்காரு. கல்யாணம் முடியுறவரைக்கும் இந்தக் கவுண்டரை விட்டு நீ அசையக் கூடாது. அவுக வந்தா உபசரிக்கக் கண்ணன் இருக்கான்.”

சுமதி அந்த இரண்டு பேப்பரையும் வன்னியம்பட்டியில் இருந்துகொண்டே எழுதிப் பாஸானாள், நான் அந்த ஸ்டூலில் பல சீசன் உட்கார்ந்தேன், அத்தனை சீசனிலும் பார்த்தது ஒன்றுதான்: சாதாவில் நிற்க மாட்டேன் என்று கூடுதல் காசு கொடுத்தவர்கள்தான் கடைசிவரை காத்திருந்தார்கள்.