ரப்பர் பாலில் ஒரு தாமரை

காய்ந்த ரப்பர் பாலைத் தாளிலிருந்து உரிக்கும்போது ஈரத்துணி கிழிவதுபோல ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே செல்வராணியும் நானும் இரண்டு வருடம் படம் வரைந்தோம் என்றால்கூடப் பொய்யில்லை. இலங்கையில் தெஹியோவிட்டைக்கு மேலே, எங்கள் ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சித்திரம் என்றொரு பாடம் இருந்தது. அதற்கு வாத்தியார்தான் இல்லை. வண்ணப் பெட்டியில் வெள்ளைதான் முதலில் தீரும். பால்வெட்டு முடிந்து வரும் அம்மா, மரத்தில் பால் வடியக் கட்டும் "சிரட்டை"யின் அடியில் மிஞ்சியதை மருந்துப் போத்தலில் கொண்டுவருவாள். அதைப் பூவின் வடிவில் தடவி, காயவிட்டு, மேலே நிறம் பூசி உரித்தால், உள்ளே தாள் வெள்ளைப் பூவாக விழித்துக்கொள்ளும். எங்களுக்கு அது மந்திரம்.

செல்வராணிக்குச் சித்திரம் மந்திரம் மட்டுமல்ல. கணக்கு அவளுக்கு வராது என்பது தோட்டத்துக்கே தெரியும். சித்திரத்தில் திறமைச் சித்தி என்கிற நல்ல தேர்ச்சி வந்தால்தான் மேலே படிக்கலாம். வராவிட்டால் "பேர் பதிய" வேண்டும், அதாவது அவள் அக்காவைப்போல விடியலில் கத்தியோடு மலையேற வேண்டும். "இந்த ஒரு பாடந்தான்டி என்னைய தூக்கிவிடணும்" என்பாள், சிரித்துக்கொண்டே.

கரவனெல்லைப் பக்கம் ஒரு பெரிய பள்ளி மண்டபத்தில் பரீட்சை. பரீட்சைச் சுட்டெண் வரிசையில் எனக்கு அடுத்தவள் அவள். துணிக்கு ஒரு பூ அலங்காரம் கேட்டிருந்தார்கள். அவள் ஒழுங்காகத் தூரிகையை எடுத்தாள். நான் போத்தலைத் திறந்து ஒன்பது இதழில் ஒரு தாமரை தடவினேன். மேற்பார்வைக்கு வந்த சிங்கள மிஸ் குனிந்து, இது என்ன மகளே என்கிற அர்த்தத்தில், "மே மொகத துவே?" என்றார். "ரப்பர் கிரி, மிஸ்" என்றேன்; கிரி என்றால் பால். விரல் நுனியால் ஓர் இதழைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

நிறம் பூசி முதல் இதழை உரித்தபோது தாளும் சேர்ந்து வந்தது. பரீட்சைத் தாள் எங்கள் தாளைவிடப் பொசுபொசுப்பு என்று யாருக்குத் தெரியும்? மணி அடித்துவிட்டது. மீதி எட்டு இதழையும் உரிக்காமலே வைத்துவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு முதல் ஆளாக வெளியே ஓடினேன்.

பஸ் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. பால் மேல் இன்னொன்றை அழுத்தி வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுக்க முடியாது என்பது எங்கள் தோட்டத்தில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். அடுக்கிக் கட்டும்போது என் தாளுக்கு மேலே வருவது செல்வராணியின் தாள். பிரிக்கிறவர் இழுப்பார்; கிழியும். பக்கத்து இருக்கையில் அவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, தாமரைக்கு பிளாஸ்டர் போட்டுட்டு வந்தியா?" என்று கேலி செய்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முடிவு வரும்வரை அந்தச் சில மாதங்கள், அவள் வீட்டில் பேர் பதிவதைப் பற்றிப் பேச்செடுத்தபோதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

முடிவு வந்தது. எனக்குச் சாதாரண சித்தி. செல்வராணிக்குத் திறமைச் சித்தி. நான் எங்கள் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன். "அடுத்தவ புள்ள நல்லா எடுத்தா இப்புடியா பொறாமப்படுவாங்க?" என்று அம்மா அதட்டினாள். நிம்மதி என்று எப்படிச் சொல்வது? பொறாமைக்காரி என்றே இருந்துவிட்டேன்.

அவளிடம் அந்தப் பயத்தைப் போன மாதந்தான் சொன்னேன். செல்வராணி இப்போது அவிசாவளையில் டீச்சர். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இத்தன வருசமா இதையா மனசுல வச்சிருந்த? அந்த மிஸ் ஹேண்ட்பேக்க தொறந்து, மொகத்துக்குப் போடுற பவுடர எடுத்து ஒன் தாமரை மேல தூவினாங்கடி. தடவிப் பாத்து, ஒட்டலன்னு தெரிஞ்சப்புறந்தான் என் தாள மேல வச்சாங்க. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

அந்த மிஸ்ஸின் வீட்டிலும் நாலு ரப்பர் மரம் நின்றிருக்க வேண்டும். பெயர் எங்கள் இருவருக்கும் தெரியாது. எங்கள் மலையில் இன்று ரப்பரும் இல்லை, வெட்டிச் சாய்த்துக் கட்டுப்பொல் என்கிற எண்ணெய்ப்பனையை நட்டுவிட்டார்கள். விடைத்தாள்களை எந்தக் காலத்திலோ எரித்திருப்பார்கள். எரியட்டும். அந்தத் தாமரையைச் சுற்றி நான் என்ன நிறம் பூசினேன் என்று அன்றுதான் முதல்முறையாக யோசித்தேன். பயம் மட்டுமே நினைவிருந்த இடத்தில் நிறம் எதுவும் மிஞ்சவில்லை. செல்வராணியைக் கேட்டேன், அவள் பச்சை என்றாள், பிறகு நீலம் என்றாள், பிறகு இருவரும் சிரிக்கத் தொடங்கிவிட்டோம்.