கல்தேயரிடம் நீட்டிய சாதகம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று லண்டன் பஸ்ஸில், என்னோடு துப்புரவு வேலை செய்யும் ஈராக் யூசுப் அண்ணையிடம் என் மகளின் சாதகத்தை நீட்டிவிட்டேன்.

தான் கல்தேயர் என்றார் மனுசன். எனக்குத் தெரிந்த கல்தேயர் எண்சாத்திரக்காரர் மட்டும்தான்.

"அப்ப பாத்துச் சொல்லுங்கோ அண்ணை, இவளை எந்த மடையன் கட்டுவான்?"

அவர் சிரிக்கவில்லை. அது பாபிலோனில் வாழ்ந்த சனத்தின் பெயராம். அங்கே நட்சத்திரம் பார்த்தவர்கள் பேர்போனதால், வெளியாட்கள் சாத்திரக்காரர் எல்லாரையும் அப்படிக் கூப்பிட்டார்களாம்.

"ஊர் போயிட்டுது தங்கச்சி. பேர்தான் மிச்சம். அதையும் பகிடியாக்காதே" என்றார் ஆங்கிலத்தில்.

நானும் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்தவள்தானே. மன்னிப்புக் கேட்குமுன் நான் இறங்கும் கோலியர்ஸ் வுட் தரிப்பிடம் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

நாளைக்கு அவர் முகத்தில் எப்படி முழிப்பது? சொல்லுங்கோ.

சாதகம் அவர் மடியிலேயே போய்விட்டது.