ரோஹன் பெயர் குத்திய பொம்மை

"உங்க சுனந்தாவைப் பிடிச்சு வச்சிருக்கோம். உடனே வாங்க." காலை எட்டு மணிக்கு விமான் நகர் சொசைட்டி செக்ரெட்டரி போன் செய்தார். பூனாவில் நான் இருக்கும் நிக்டியிலிருந்து உடனே ஆட்டோ பிடித்தேன். முந்தின நாள் சாயங்காலம்தான் அங்கே ஒரு பர்த்டே பார்ட்டிக்குச் சாப்பாடும் ரிட்டர்ன் கிஃப்டும் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் ஐடி குடும்பங்கள் குவிந்தபோது வந்த மோகம் இது, பேய் தீம் பார்ட்டி. அந்த ஆர்டரைக் கொடுத்தவள் கவிதா, கோயம்புத்தூர்க்காரி. "சாப்பாடு பயமா இருக்கோணுங்க, ஆனா குழந்தைக சாப்பிடோணும்" என்றாள். மினி இட்லிக்கு இரண்டு மிளகைக் கண்ணாக வைத்துப் பேய். பாதாம் நகம் வைத்த விரல் பிஸ்கட். ரத்தத்துக்குச் செக்கச்செவேலென்று கோகம் பழச் சர்பத். எல்லாம் பிரமாதமாகப் போயிற்று.

ரிட்டர்ன் கிஃப்ட்தான் வினை. "கறுப்புத் துணில குட்டிப் பொம்மை பண்ணிக் குடுத்திருங்க, ஒவ்வொருத்தருக்கும் பேரு போட்டு" என்றாள் போனில். நான் எதையும் எழுதி வாங்கவில்லை. எழுதி வாங்காத முட்டாள்தனம் என்னுடையது.

பொம்மை தைத்தது சுனந்தா. ஆறு வருடமாக என் கிச்சனில் இருந்தவள்; காலையில் அதே சொசைட்டியில் மூன்று வீடுகளில் வேலை. தமிழில் அவளுக்குத் தெரிந்தது 'அக்கா' மட்டும். மற்றதெல்லாம் மராட்டி.

என் வழக்கம் ஒன்று உண்டு. எது யாருடையது என்று பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொரு கிஃப்டிலும் பெயர்ச்சீட்டை ஊக்கால் குத்திவிடுவேன். அன்றும் உட்கார்ந்து ஒவ்வொரு பொம்மையின் நெஞ்சிலும் ஒரு பெயரைக் குத்தினேன். சுனந்தா என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, பேரைக் குத்தாதீங்க. வேண்டாம்."

"போடி! பசங்க பார்ட்டிக்கு என்னடி இருக்கு?"

கறுப்புப் பொம்மை, ஆள் பெயர், ஊசி. இந்த ஊரில் அதற்குக் கரணி என்று பெயர், நம் ஊர்ச் செய்வினைதான். இருபது வருடம் பூனாவில் குப்பை கொட்டிய எனக்கு அது தெரியாமல் போனது வெட்கக்கேடு.

சொசைட்டி ஆபீசில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். நடுவில் சுனந்தா நின்றுகொண்டிருந்தாள், ஒரு நாற்காலி போடவில்லை. கவிதாவின் எதிர்வீட்டு அம்மாள் பொம்மையை ஒரு பிளாஸ்டிக் பையில் தூக்கிக் காட்டினாள். அவள் மகன் ரோஹனுக்கு ராத்திரி ஜுரம். தலையணைப் பக்கத்தில் அவன் பெயர் குத்திய பொம்மை; பார்ட்டியில் அதை அவன் கையில் கொடுத்தவள் சுனந்தா.

"என் வீட்டுல பாத்திரம் தேய்க்கிறவ, என் பிள்ளைக்கே வச்சிருக்கா! போலீசைக் கூப்பிடுங்க, இவளை இனி கேட்டுக்குள்ள விடாதீங்க!"

நான் கவிதாவைப் பார்த்தேன். நான்தான் கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் இந்தியில் சொன்னாள், "நான் சாப்பாடு மட்டும்தான் சொன்னேன். பொம்மை இவங்க ஆள் கொண்டுவந்தது." பிறகு என்னிடம் தமிழில், தணிந்த குரலில், "தப்பா நெனச்சுக்காதீங்க, நாங்க இங்கயே குடியிருக்கோணும்ல."

அடிப்பாவி! எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. மேஜை மேலிருந்த விசிட்டர் ரெஜிஸ்டரை இழுத்து, பெரிதாக 'ரோஹன்' என்று எழுதினேன். பொம்மையிலிருந்த பெயர்ச்சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

"கையெழுத்தைப் பாருங்க. எழுதினது நான். குத்தினது நான். இவ வேண்டாம்னுதான் சொன்னா, நான்தான் கேக்கல. போலீசைக் கூப்பிடறதா இருந்தா என்னைப் பிடிச்சுக் குடுங்க."

எதிர்வீட்டு அம்மாளின் முகம் மாறியது. சிரித்தாள். "அரே மேடம், நீங்க பண்ணதா! அப்ப டெகரேஷன்தானே, முன்னாடியே சொல்லக் கூடாதா?" செக்ரெட்டரி எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, டீக்குச் சொன்னார்.

அதே பொம்மை, அதே ஊக்கு. நான் குத்தினால் டெகரேஷன், சுனந்தா குத்தினால் கரணி.

"இப்ப ரோஹனுக்கு ஜுரம் இறங்கிடுச்சா?" என்று கத்தினேன். "இவகிட்ட மன்னிப்புக் கேளுங்க!"

யாரும் கேட்கவில்லை. "விடுங்க மேடம். சுனந்தா, நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துடு" என்றார் செக்ரெட்டரி, பெரிய மனது பண்ணியதுபோல்.

சுனந்தா கழுத்திலிருந்த கேட் பாஸைக் கழற்றி ரெஜிஸ்டர் மேல் வைத்தாள். மூன்று வீட்டு வேலை அதோடு போயிற்று. டீ வருவதற்குள் வெளியே நடந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஆட்டோவில் என் பக்கம் திரும்பிச் சொன்னாள். "அக்கா, நான் அப்பவே சொன்னேன்ல."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆர்டரை எழுதி வாங்குங்கள், ஊக்கை விட்டுவிட்டு நூலால் கட்டுங்கள். கூட வேலை செய்கிறவள் கையைப் பிடித்து வேண்டாம் என்றால், ஏன் என்று கேளுங்கள். கவிதா மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு. ஆனால் அவள் சுனந்தாவைக் கைவிட்டது மறுநாள்தான். நான் முதல் நாளே சுனந்தாவைப் 'போடி' என்றவள்.