மீனுவின் சீட்டும் மாமன் மடியும்

போன வாரம் திருநெல்வேலியில் ஒரு டிராவல்ஸுக்கு போன் போட்டேன். அமெரிக்காவிலிருந்து அக்கா மகள் மீனு வருகிறாள், ரெண்டு நாளைக்குக் கார் வேண்டும். போனை எடுத்த பெண் கேட்டாள்: “கைக்குழந்தை உண்டா சார்? சைல்டு சீட் வைக்கணுமா? பாப்பா எத்தனை கிலோ?”

கிலோவா! வாடகைக் கார் கேட்டால் பிள்ளையின் எடையைக் கேட்கிறார்களே... சிரிப்பு வந்தது. கூடவே ஒரு பழைய சீட்டின் ஞாபகமும் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் இதே மீனு, ஒன்றேகால் வயதுப் பிள்ளையாக, முதல் தடவை ஊருக்கு வந்தாள். ஆழ்வார்குறிச்சி பக்கம் எங்கள் சாஸ்தா கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். இருக்கிற ஒரே தாய்மாமன் நான். வயது இருபத்து நாலு.

ஆனால் என்னைப் பார்த்தாலே மீனு வீறிட்டாள்!

“ஏல, ஒன் மீசையப் பாத்துத்தான் பயப்படுதா” என்றாள் அம்மா. காலேஜ் முதல் வருஷத்திலிருந்து ஆசை ஆசையாக வளர்த்த மீசை. எடுத்தேன். அப்புறமும் அழுதாள் — இன்னும் கொஞ்சம் சத்தமாக.

சரி, காரில் போகும்போது மடியில் வைத்துப் பழக்கிவிடலாம் என்று இருந்தேன். அதிலும் மண் விழுந்தது. அக்கா அமெரிக்காவிலிருந்து பிள்ளைக்கென்று ஒரு சீட்டைச் சுமந்து வந்திருந்தாள். வாடகை அம்பாசடரை ஓட்டிவந்த சுடலைமுத்து அண்ணாச்சி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“என்ன தம்பி, சலூன் நாற்காலியத் தூக்கிட்டு வாரிய?”

அந்தக் காலத்தில் காரில் எத்தனை சீட் என்று யார் கேட்டோம்? எத்தனை மடி என்பதுதான் கணக்கு. மடிக்கு ஒரு பிள்ளை, பெரிய மடியென்றால் ரெண்டு. பின்சீட்டில் பெல்ட் என்கிற சாமானே கிடையாது. அக்காவோ, சீட்டைக் கட்டாமல் வண்டி நகரக் கூடாது என்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“எம்மா, முப்பது வருசமா ஓட்டுதேன். மடியில இருந்த பிள்ளை எதுவும் விழுந்ததில்ல.”

“நீங்க நல்லாத்தான் ஓட்டுதிய அண்ணாச்சி. எதுக்க வாறவனும் நல்லா ஓட்டணும்லா?”

அண்ணாச்சி டிக்கியிலிருந்து கயிற்றை எடுத்துவந்தார். பின்சீட் மெத்தையைத் தூக்கி, அடியிலிருந்த சட்டத்தில் கயிற்றைக் கோத்து, சீட்டை இழுத்துக் கட்டினார். பத்தாததற்கு மேலே ஒரு சைக்கிள் டியூப். அக்கா மூணு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள். மீனுவின் பெல்ட்டைக் கழற்றுகிற சிவப்புப் பட்டனை எப்படி அமுக்குவது என்று எனக்கும் காட்டிக் கொடுத்தாள். மடிதான் இல்லை, பட்டனாவது கிடைத்ததே!

வீரவநல்லூர் தாண்டியதும் ஒரு எருமை, கொஞ்சமும் அவசரமில்லாமல், ரோட்டின் குறுக்கே வந்தது. அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார். என் நெற்றி முன்சீட்டில் மோதியது. அம்மா கையிலிருந்த பூக்கூடை அண்ணாச்சி தலையில் கவிழ்ந்தது. மீனு மட்டும் இருந்த இடத்தில் இருந்தாள். அண்ணாச்சி தலையில் பூவைப் பார்த்துக் கை தட்டினாள்.

அவள் என் மடியில் இருந்திருந்தால்?

கோயிலில் எல்லாரும் சுற்றி நிற்க, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மீனுவை மடியில் வைத்தார்கள். வில்லாக வளைந்து அலறினாள். மறுபடி வைத்தார்கள், மறுபடி அலறல். ஊசியோடு ஆசாரி காத்திருந்தார். “நல்ல நேரம் முடியப் போவுது” என்று யாரோ முனகினார்கள். எனக்கு அவமானத்தில் கண்ணே கலங்கிவிட்டது. சொந்த அக்கா பிள்ளைக்கு நான் வேண்டாதவனா?

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணாச்சி வந்தார். தோளில் அந்தச் சீட்!

“இதோட சேத்து மடியில வையுங்க தம்பி. மடி மடிதானே?”

சீட் என் மடியில், மீனு சீட்டில். அழுகை நின்றது. ஆசாரி சட்டென்று ரெண்டு காதையும் குத்தினார்.

வீல்...! அக்கா பார்க்கச் சகியாமல் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கண்ணீரும் சளியுமாக மீனு சுற்றிலும் பார்த்தாள். பார்த்துவிட்டு ரெண்டு கையையும் என்னை நோக்கி நீட்டினாள்! பட்டனை அமுக்கினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டவள் திரும்பக் காரில் ஏறும் வரை இறங்கவில்லை. அந்தக் கனத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போது காதுகுத்து மீனுவின் மகளுக்கு. மீனுவுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. “நீங்கதான் மாமா மடி தரணும்” என்று போனில் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றேன்.

டிராவல்ஸ் பெண்ணிடம் பத்து கிலோ என்று சொல்லி, சீட்டுக்கு ஏற்பாடு செய்தாயிற்று. மீசையை நேற்றே எடுத்துவிட்டேன்.