ஹோட்டல் புல்வெளியில் வந்த தெய்வம்

அண்ணன் சேட்டைக் கழற்றி, மடித்து, என் கையில் தந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. கொலர் தேய்ந்த வெள்ளைச் சேட்டு. திருகோணமலைக்கு வரும்போது மட்டும் போடுவது. அதைப் போட்டுக்கொண்டு வருவதால்தான் அவருடைய வில்லுகள் விலைபோகவில்லை என்று ஹோட்டல் முதலாளி கண்டுபிடித்திருந்தார். வேடன் என்றால் இலைதழை கட்டிக்கொண்டு வரவேண்டும் என்று வெள்ளைக்காரர் நினைத்தார்களோ இல்லையோ, முதலாளி நினைத்தார்.

எழுபதுகளின் கடைசியில் அந்தக் கடற்கரை ஹோட்டலின் சாமான் கடையில் நான் வேலை பார்த்தேன். கட்டைபறிச்சானுக்கு அப்பால் இருந்த வேடர் குடியிருப்பிலிருந்து அவரும் மனைவியும் லாஞ்சுப் படகில் வருவார்கள். பழகிய பழக்கத்தில் அவர் எனக்கு அண்ணன், அவருடைய மனைவி மச்சாள்; அவளுக்கு நானும் மச்சாள். வில்லும் அம்பும் செய்து விற்ற காசில்தான் அவர்கள் வருசச் சடங்கை நடத்துவார்கள். தெய்வம் இறங்குவது அண்ணனின் மேல். இரண்டு வருசமாக மீன்பாடும் இல்லை, வில்லும் விற்கவில்லை, சடங்கும் நடக்கவில்லை. அதற்குள் அவர்களுடைய கைப்பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது.

"இந்த முறையும் விட்டமெண்டா மிச்சப் பிள்ளையளும் மிஞ்சாது, மச்சாள்," என்று அவள் என்னிடம் அழுதாள்.

முதலாளி இரக்கப்பட்டார், தன் பாணியில். "வில்லைப் பிடிச்சு வெள்ளைக்காரருக்கு ஒருக்கா ஆடிக் காட்டச் சொல்லும். எல்லாத்தையும் நானே எடுக்கிறன்."

மடை வைத்துப் படைக்கவில்லை, மேளம் அடிக்கவில்லை, வெறும் ஆட்டம்தானே என்று அண்ணன் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். புல்வெளியில் இறங்கி, எங்களைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தபடி தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பைக் காணவில்லை. கால்கள் வேறு மாதிரி விழுந்தன. மச்சாள் என் கையை இறுக்கினாள். "ஐயோ, வந்திட்டுது."

வந்த தெய்வம் அவர் வாயால் கேட்டது: "ஏன் கூப்பிட்டனீங்கள்?"

சடங்கு என்றால் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நின்று குறை சொல்வார்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்து வழியனுப்புவார்கள். அங்கே கமராக்கள்தான் இருந்தன. திரும்பத் திரும்பக் கேட்டது. மச்சாள் ஓடிப்போய்க் காலில் விழுந்து அழுதாள். வெள்ளைக்காரர் கைதட்ட, அண்ணன் புல்லில் சாய்ந்தார். முதலாளி சொன்ன சொல் தவறவில்லை, வில்லுகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டார். இப்போதும் யாராவது கோயிலில் கைதட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் காசில் சடங்கு நடந்தது. நானும் போனேன். தென்னம்பாளை, பொங்கல், மேளம், ஒன்றுக்கும் குறைவில்லை. தெய்வத்திடம் சொல்ல ஊரே கூடி நின்றது. அண்ணன் வியர்வை வழிய வழிய ஆடினார். எல்லாரும் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவை அவருடைய கால்களாகவே இருந்தன. மச்சாள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுவந்து முன்னால் நிறுத்தினாள். வெயில் ஏறியது. மேளக்காரர் கை சோர்ந்து நிறுத்தப் பார்த்தார்.

"நிப்பாட்டாதேங்கோ," என்று அண்ணன் அவரைக் கும்பிட்டார். "இன்னும் கொஞ்சம் அடியுங்கோ. வரும்."