ரப்பர் ஹாரன்

சத்தப் புகார் விசாரிக்கிற நகராட்சி அதிகாரிக்கு ஒரு பழக்கம். தெருமுனையில் வண்டியைத் திருப்பும்போதே ஹாரனை இரண்டு தடவை அமுக்குவார். பாம், பாம். வண்டியோடு வந்த ஹாரன் கெட்டு வருஷக்கணக்காகிறது. அதைச் சரிசெய்ய மனசு வராமல், ஐஸ் விற்கிறவர்கள் வைத்திருப்பதுபோல ஒரு ரப்பர் ஹாரனைக் கட்டியிருந்தார். தெருவில் ஈ காக்கா இல்லாவிட்டாலும் அமுக்குவார். மரியாதை தெரிந்த மனிதர், சொல்லிக்கொண்டு வருகிறார் என்றுதான் பொத்தான்காரி வெகுநாள் நினைத்திருந்தாள்.

வீட்டில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பது அவள் வேலை. கணவர் ராத்திரி பஸ் ஓட்டுகிறவர். பகலில் தூங்கினால்தான் அவருக்கு ராத்திரியில் கண் திறந்திருக்கும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் கிரில் பட்டறை. இரும்பு அறுக்கிற மிஷின் ஓடினால் இவள் வீட்டுக் கண்ணாடி ஆணியில் ஆடும். ஒருநாள் கணவர் ஓட்டும்போதே கண்ணசந்து, பாலத்துச் சுவரில் பஸ்ஸை உரசிவிட்டு வந்தார்.

"அடுத்த தடவை உரசறதோட போகாது. நான் மட்டுமா போவேன், பின்னாடி அத்தனை பேரு உக்காந்திருக்காங்க," என்றார். தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருந்தது.

வாய் திறந்து பேசத் தெரியாதவள் நகராட்சிக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். அதிகாரி வந்தார். பாம், பாம். மிஷின் நின்றது. முதலில் பட்டறைக்குள் போய் டீ குடித்தார். பிறகு இவள் வீட்டுக்குள் வந்து, சத்தம் அளக்கிற கருவியை ஊருக்கே விளக்குப் பிடிக்கிறவர் மாதிரி தலைக்கு மேல் தூக்கினார். சுவர் ஊமையாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அடுப்பில் குக்கர் விசிலடித்தது.

"உங்க வீட்டுச் சத்தம்தாம்மா ஜாஸ்தியா இருக்கு."

"ஐயா, நீங்க வர்ற வரைக்கும் மிஷின் ஓடிச்சு."

"நான் இல்லாதப்ப ஓடினதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?" சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

ஒவ்வொரு புகாருக்கும் இதே கூத்து. "சொல்லாம ஒரு தடவை வந்து பாருங்களேன் ஐயா," என்று கெஞ்சினாள்.

"சொல்லாம வர்றதுக்கு நான் என்ன திருடனா? ரெண்டு பக்கமும் எங்களுக்கு ஒண்ணுதாம்மா."

அன்றைக்குத்தான் அந்த மரியாதையின் லட்சணம் அவளுக்கு விளங்கியது. கொழுந்தனின் பழைய சாமான் கடையில் அதேமாதிரி ஒரு ஹாரனைத் தேடி எடுத்து வந்தாள். கணவர் படுத்ததும் கொல்லைச் சந்து வழியாகத் தெருமுனைக்குப் போய் இரண்டு தடவை அமுக்கினாள். மிஷின் கப்பென்று அடங்கியது.

"எங்கய்யா ஆளைக் காணோம்?" என்றது, அவள் வீடு திரும்பியபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

"பக்கத்துத் தெருவுல நிக்கறாரோ என்னமோ. மிஷின்ல கை வெக்காத," என்றார் கிரில்காரர்.

மறுபடி மிஷின் கிளம்பினால் மறுபடி ஒரு பாம் பாம். கணவர் குறட்டை விட்டுத் தூங்கினார். கல்யாணமான நாளிலிருந்து அவள் காதுக்கு அவ்வளவு இனிமையாக எதுவும் கேட்டதில்லை.

கடைவீதியில் கிரில்காரர் அதிகாரியைப் பிடித்துக்கொண்டார். "என்ன சார், தினம் வர்றீங்க, ஒரு டீக்குக்கூட உள்ள வரமாட்டேங்கறீங்க?"

"நானா?"

இரும்பு அறுக்கிற சத்தம் இத்தனை நாள் எட்டாத காதுக்கு, ஒரு ரப்பர் சத்தம் மறுநாளே எட்டிவிட்டது. வண்டியைத் தள்ளியே நிறுத்திவிட்டு, பூனைபோல நடந்துவந்து, தெருமுனையில் அவளைக் கையும் களவுமாகப் பிடித்தார். சொல்லாமல் வர அவருக்குத் தெரியும் என்று தெரு அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது.

"காரணமில்லாம தெருவுல ஹாரன் அடிக்கறது தப்பும்மா."

அவள் தலை நிமிர்ந்தது. "அப்ப உங்க ஹாரனுக்கு என்ன காரணம் ஐயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முகத்தில் ஓர் அசைவுமில்லை. "அது ஆபீஸ் ஹாரன்," என்று சொல்லி அவளுடையதைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

இப்போது பட்டறையில் இரண்டு மிஷின். அதிகாரியின் பழைய ஹாரனில் ரப்பர் கிழிந்துவிட்டது. அவர் வண்டியில் இருப்பது பொத்தான்காரியுடையது. கணவர் பகலில் டிப்போவில் நிற்கிற பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குகிறார். அவள் சாப்பாட்டை அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறாள்.